துவக்கு தந்தார்கள், வேலி தரவில்லை

கரும்புக் காணிகளில் வேலை செய்யும் எங்கள் கிளை அங்கத்தவர்கள் சிலர் அண்மையில் ஒரு கோரிக்கையோடு வந்தார்கள். யானைத் தொல்லை பொறுக்க முடியவில்லை, பயிர்ப் பாதுகாப்புக்குத் துவக்கு அனுமதிப்பத்திரம் கேட்டு மாவட்டச் செயலாளருக்குச் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் எழுதித் தாருங்கள் என்றார்கள். கேட்டவர்கள் வம்புக்கு அலைகிறவர்கள் அல்ல. சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு வெட்டுக்கத்தியும் சோற்றுப் பார்சலுமாகக் காணிக்குப் போகிறவர்கள். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும் கரும்புக்குள் யானை நின்றால் பத்தடி தூரத்திலும் தெரியாது. அவர்களுடைய பயம் மெய்யானது.

ஆனாலும் நாங்கள் அந்தக் கடிதத்தை எழுதவில்லை. காரணத்தை இறக்காமத்தில் வாயால் சொன்னோம். மற்றக் கிளைகளும், விசேஷமாக மலையகத் தோழர்களும் அறிய வேண்டும் என்பதால் இங்கே எழுத்தில் தருகிறோம்.

நாடு முழுக்க இப்போது துவக்குப் பேச்சுத்தான். தற்பாதுகாப்புக்கென்று தனியாட்களுக்குக் கொடுத்திருந்த துப்பாக்கிகளை 2024 நவம்பர் 7ஆம் திகதிக்குள் திருப்பி ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. அரசியல்வாதிகளும் பெரிய வியாபாரிகளும் இத்தனை காலம் இடுப்பில் எதைச் செருகிக்கொண்டு திரிந்தார்கள் என்பது அப்போதுதான் பலருக்கு விளங்கியது. 2025 பெப்ரவரி 19ஆம் திகதி கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே கணேமுல்ல சஞ்சீவ சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் சட்டத்தரணி உடுப்பில் வந்தான். கைத்துப்பாக்கி, தாள்களைக் குடைந்தெடுத்த ஒரு புத்தகத்துக்குள் வைத்து உள்ளே கொண்டு வரப்பட்டது. அதன் பிறகு, படையை விட்டுத் தப்பியோடியவர்களைத் தேடிப் பிடிக்கும் வேலை மும்முரமாக நடந்தது. தேத்தண்ணிக் கடையில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு காக்கா சொன்னார்: "கள்ளனுக்கெல்லாம் துவக்கு இருக்கு. ஆனைக்கு முன்னால போய் நிக்கிற நமக்குத்தான் ஒண்டும் இல்ல." கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது.

முதலில் யானைக் கதையைப் பேசி முடிப்போம்.

இந்த நாட்டின் துப்பாக்கிச் சட்டம் 1916ஆம் ஆண்டில் வந்தது. பயிர்ப் பாதுகாப்புத் துவக்குக்கான அனுமதிப்பத்திரம் மாவட்டச் செயலகத்தில் கிடைக்கும். வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். அந்தப் பத்திரத்தில் யாருடைய பெயர் இருக்கும்? காணிக்காரருடைய பெயர். இரவில் பரணில் காவல் கிடப்பவர் யார்? நாட்கூலிக்காரர். பத்திரத்தில் பெயரில்லாத ஒருவர் துவக்கோடு பிடிபட்டால் வழக்கு அவர் மீதுதான் வரும், வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் முதலாளி மீது வராது. யானை செத்தால் வனசீவராசிகள் திணைக்களம் தேடி வருவதும் அவரைத்தான். சாகாமல் காயத்தோடு போன யானை மறுபடி வந்தால் அதன் முன்னால் நிற்பதும் அவரே. சன்னத்தோட்டா யானையை விழுத்தாது, வெறியேற்றும். வட்டையில் காவலிருந்த எவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

2023ஆம் ஆண்டில் மட்டும் இந்த நாட்டில் நானூறுக்கு மேற்பட்ட யானைகளும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மனிதர்களும் இந்தச் சண்டையில் மாண்டிருக்கிறார்கள். நாட்டில் பயிர்த் துவக்குக்கும் யானைவெடிக்கும் குறைவில்லை. குறைவாயிருப்பது வேலி. 2020இல் அரசாங்கமே ஒரு குழுவை அமைத்து, கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையில் செயல்திட்டம் ஒன்றைத் தயாரித்தது. காட்டின் எல்லையில் மின்சார வேலி போட்டுப் பயனில்லை, வேலிக்கு இரண்டு பக்கமும் யானை இருக்கிறது. ஊரைச் சுற்றியும், போகத்துக்குப் போகம் வயலைச் சுற்றியும் வேலி போட்டு அந்தந்த ஊராரே பராமரிக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். சொன்னது சரியான யோசனை. ஆனால் வேலிக்குக் காசு வேண்டும், பராமரிக்கிறவருக்குச் சம்பளம் வேண்டும், வருடத்துக்கு இரண்டு தடவை அதிகாரி வந்து பார்க்க வேண்டும். துவக்குக்கு ஒரு கடதாசியும் ஒரு முத்திரையும் போதும். அதனால்தான் வேலி கேட்டால் வருடக்கணக்காகிறது, துவக்கு கேட்டால் யோசிக்கலாம் என்கிறார்கள்.

அதனால் நாங்கள் வேறு கடிதம் எழுதினோம். வயலோர வேலி, யானை தாக்கி இறந்தால் நிலமில்லாத கூலிக்காரரின் குடும்பத்துக்கும் தாமதமில்லாத நட்டஈடு, இரவுக் காவலுக்குத் தனிச் சம்பளம், காவலில் ஒற்றை ஆளை விடக்கூடாது, நிலம் வெளிக்கும் முன் கரும்பு வெட்ட எவரையும் இறக்கக்கூடாது. கடைசி இரண்டுக்கும் எந்த அமைச்சரின் கையெழுத்தும் தேவையில்லை. நாம் ஒன்றாக நின்று மறுத்தாலே போதும்.

இனி, எங்களைத் தடுத்த பெரிய காரணத்துக்கு வருகிறோம். இந்த மண்ணில் எங்கள் கையில் துவக்கு தரப்பட்டது இது முதல் தடவையாக இருந்திருக்காது.

1990ஐ மறந்தவர்கள் இருக்கலாம், அம்பாறைக் கரையோரத்தில் இல்லை. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். 11ஆம் திகதி இரவு ஏறாவூரில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள், பிள்ளைகள் உட்பட. வயலுக்குப் போனவர்கள் திரும்பாத நாட்கள் அவை. அந்த நேரத்தில் அரசாங்கம் முஸ்லிம் ஊர்களில் ஊர்காவல் படைக்கு ஆள் சேர்த்தது. சொற்பப் பயிற்சி, கையில் ஒரு துவக்கு, மாதம் ஒரு அலவன்ஸ். சேர்ந்தவர்கள் யார்? போடியார்மாரின் பிள்ளைகளா? வேளாண்மை வெட்டிப் பிழைத்தவர்கள், மீன்பிடிக்கப் போக முடியாமல் வீட்டில் முடங்கியவர்கள், அடுப்பெரிய அந்த அலவன்ஸ் தேவைப்பட்டவர்கள். இராணுவமும் அதிரடிப்படையும் நிற்க வேண்டிய எல்லையில் அவர்களை நிறுத்தினார்கள்.

அவர்கள் ஊரைக் காத்தார்கள் என்று சொல்பவர்களின் வாயை நாங்கள் அடைக்கவில்லை. பல இரவுகளில் அவர்கள் விழித்திருந்ததால் நாங்கள் தூங்கினோம். ஆனால் அதே ஓகஸ்டில், 12ஆம் திகதி, சம்மாந்துறைக்குப் பக்கத்தில் வீரமுனைக் கோவிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். படையினரோடு முஸ்லிம் ஊர்காவலர்களும் அதில் இருந்தார்கள் என்று அந்த ஊர் மக்கள் இன்றுவரை சொல்கிறார்கள். அதைக் கேட்க எங்களில் சிலருக்குப் பிடிப்பதில்லை. காத்தான்குடியைச் சொல்லும் வாயால் வீரமுனையையும் சொல்லாவிட்டால் நமது பேச்சுக்கு யார் மதிப்புத் தருவார்கள்?

அந்தக் கிழமைகளில் முறிந்தது உயிர்கள் மட்டுமல்ல. அதற்கு முன்பு ஒரே வட்டையில் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து அரிவி வெட்டினார்கள். ஒரே முல்லைக்காரனின் கீழ் வேலை, ஒரே மரத்தடியில் சோறு. கூலி கூட்டிக் கேட்பதென்றாலும் சேர்ந்தே கேட்டார்கள். 1990க்குப் பிறகு அவன் வட்டைக்கு இவன் போகப் பயந்தான், இவன் வட்டைக்கு அவன் போகப் பயந்தான். முஸ்லிம் விவசாயிகள் பலரால் தங்கள் வயலையே எட்டிப் பார்க்க முடியவில்லை. யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகியும் கிழக்கில் வயல் கூலிக்காரருக்கு என்று பலமான ஒரு சங்கம் இல்லை. எங்கள் சின்னக் கிளையைக் கட்டுவதற்குக் கூட எத்தனை வீட்டுப் படியேற வேண்டியிருந்தது! அதற்கான விடையில் பெரும்பங்கு அங்கே இருக்கிறது.

ஊர்காவல் படை 2006இல் சிவில் பாதுகாப்புத் திணைக்களமானது. பெயர் மாறிய அதே செப்டெம்பரில் இன்னொன்று நடந்தது. 17ஆம் திகதி, பொத்துவிலுக்குத் தெற்கே ரத்தல் குளத்தில் திருத்த வேலைக்குப் போன 10 முஸ்லிம் கூலித் தொழிலாளர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். குளத்தைத் திருத்தப் போனவர்கள். கையில் மண்வெட்டி தவிர வேறில்லை. அரசாங்கம் புலிகளைக் கைகாட்டியது. பொத்துவில் மக்கள் அப்பகுதியில் நின்ற அதிரடிப்படையைச் சந்தேகித்தார்கள், சுயாதீன விசாரணை கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். உதலாகம ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கப்பட்ட 16 சம்பவங்களில் இதுவும் ஒன்று. மூதூரில் கொல்லப்பட்ட 17 தொண்டுப் பணியாளர்களின் வழக்கும் அதே பட்டியலில்தான் இருந்தது. 2009இல் ஆணைக்குழுவின் காலம் முடிந்தது. அதன் அறிக்கை பாராளுமன்றத்துக்கு வர 2015 ஆயிற்று. பத்துப் பேரைக் கொன்றதற்கு ஒருவர் கூடத் தண்டிக்கப்படவில்லை. செத்தவர்கள் எந்த இயக்கத்தையும் சேர்ந்தவர்கள் அல்ல, எந்தப் படையையும் சேர்ந்தவர்கள் அல்ல. நாட்சம்பளத்துக்குப் போனவர்கள். சந்தேகத்துக்குரியவர்கள் இரண்டு பக்கமும் ஆயுதம் வைத்திருந்தவர்கள்.

மலையகத்தில் இதை வாசிக்கும் தோழர்களுக்கு இது அந்நியக் கதையாகத் தோன்றாது என்று நினைக்கிறோம். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் விழுந்தார். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணியைப் பறிக்க வந்ததை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் பொலிஸின் குண்டுக்குப் பலியானார். இரண்டுக்கும் நடுவில் 37 வருடம். வெள்ளைக்காரன் போய்விட்டான், கொடி மாறிவிட்டது. உங்கள் பக்கம் துவக்கு எப்போதும் எதிரே நின்றது. எங்கள் பக்கம் அதைக் கொஞ்ச நாள் எங்கள் தோளிலும் மாட்டிவிட்டார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

துவக்கு இரும்பாலானது மட்டும் என்று நினைப்பதும் தவறு. தாளில் அச்சடித்த துவக்கும் உண்டு.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வைத்தவர்கள் எங்கள் மார்க்கத்தின் பெயரைச் சொன்னவர்கள். 260க்கு மேற்பட்டவர்கள் மடிந்தார்கள். ஐந்தாம் நாள் இரவு அந்தக் கூட்டத்தின் ஒரு பகுதி சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குள் அகப்பட்டுத் தங்களையே வெடிக்க வைத்துக்கொண்டது. செத்தவர்களில் 6 பிள்ளைகள். கல்முனைக் கரையோரம் முழுக்க அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து எங்கள் ஊர்களில் தேடுதல். அதில் கத்தி பெரிய விஷயமாகிவிட்டது. வீட்டில் இரண்டு கத்தி இருந்தால் ஏன் இரண்டு என்ற கேள்வி. தென்னங்கன்றுக்கு ஒன்று, குர்பானுக்கு ஒன்று, அரிவாள் வேறு, கரும்பு வெட்டும் கத்தி வேறு. வெட்டுக்கத்தி இல்லாமல் கரும்பு வெட்டுவது எப்படி என்று எந்தச் சாவடியில் போய் விளக்குவது? பயந்தவர்கள் குளத்தில் எறிந்தார்கள், கிணற்றில் போட்டார்கள். பிறகு வேலைக்குப் போகக் கடனுக்குப் புதிதாக வாங்கினார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத காரியம்.

ஹசலக்கவில் ஒரு பெண்ணின் உடுப்பில் இருந்த கப்பல் சக்கரப் படத்தைத் தர்மச் சக்கரம் என்று சொல்லிக் கைது செய்து மறியலில் வைத்ததும் அந்த மே மாதம்தான். அடுத்த வருடம் மன்னார்க் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் கைதானார். தமிழ் வாசிக்கத் தெரிந்த எவரும் அவருடைய கவிதைப் புத்தகத்தை ஒரு மணித்தியாலத்தில் வாசித்து, அது வன்முறையைப் பழிக்கிறது என்று சொல்லியிருப்பார்கள். பிணையில் வெளியே வர 2021 டிசம்பர் ஆயிற்று, குற்றமற்றவர் என்று விடுதலையாக 2023 டிசம்பர். ஆனால் அந்தக் குண்டுவெடிப்புக்கு முன்பே எச்சரிக்கை கைக்குக் கிடைத்தும் கடமையைச் செய்யத் தவறினார் என்று, அப்போது ஜனாதிபதியாகவும் பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்த மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. சட்டம் போதாமல் அந்த ஞாயிற்றுக்கிழமை நடக்கவில்லை, துவக்குப் போதாமலும் நடக்கவில்லை. மேசைக்கு வந்த கடிதத்தைப் பொறுப்பானவர்கள் பொருட்படுத்தவில்லை.

பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் 3 வருடத்துக்கென்று வந்தது. 1982இல் நிரந்தரமாயிற்று. வழக்கே இல்லாமல் 18 மாதம் உள்ளே வைக்கலாம் என்றிருந்ததை 2022இல் 12 மாதமாகக் குறைத்துவிட்டுத் திருத்தம் என்றார்கள். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியாகும் என்ற விதி அப்படியே இருக்கிறது. அந்த வாக்குமூலம் எப்படி வாங்கப்படும் என்பதை, தொண்ணூறுகளில் கொழும்புக் கடைகளில் வேலை செய்து பிடிபட்ட மலையகப் பிள்ளைகள் சொல்வார்கள். முதலில் தமிழருக்கு என்றார்கள். பிறகு முஸ்லிம்களுக்கு. 2022இல் சிங்கள மாணவர் தலைவர் வசந்த முதலிகேயும் அதே சட்டத்தில் ஐந்து மாதத்துக்கு மேல் உள்ளே கிடந்தார். 2025 மார்ச்சில், இஸ்ரேலைக் கண்டித்து ஸ்டிக்கர் ஒட்டினார் என்று 22 வயது முஸ்லிம் இளைஞர் ஒருவரை அதன் கீழ் தடுத்து வைத்தார்கள்.

இந்தக் கடைசிச் சம்பவம் நடந்தது யாருடைய ஆட்சியில்? இச்சட்டத்தை ஒழிப்போம் என்று விஞ்ஞாபனத்தில் எழுதி வாக்குக் கேட்ட தேசிய மக்கள் சக்தியின் ஆட்சியில். அதன் அச்சாணியான மக்கள் விடுதலை முன்னணி 1971இலும் 1987க்குப் பிறகும் ஆயுதம் தூக்கிய கட்சி, 1983இல் தடை செய்யப்பட்ட கட்சி. விசாரணை இல்லாமல் காணாமல் போவது என்றால் என்ன என்பதை அவர்களுடைய குடும்பங்களைப் போல் அறிந்தவர்கள் தென்னிலங்கையில் குறைவு. நமது அங்கத்தவர்களில் பலர் அவர்களுக்கு வாக்களித்தார்கள்; அதில் பிழையில்லை. ஆனால் நீக்குவதாகச் சொன்ன சட்டத்துக்குப் பதிலாக இன்னொன்று வேண்டும் என்ற பேச்சு அவர்களிடமும் வந்துவிட்டது. இதற்கு முன் 2018இலும் 2023இலும் வந்த பதில் மசோதாக்களை நமது சங்கங்கள் எதிர்த்தது சும்மா அல்ல. அத்தியாவசிய சேவைக்கு இடையூறு செய்வதும் பயங்கரவாதத்தின் வரைவிலக்கணத்துக்குள் நுழைந்திருந்தது. தேயிலை ஏற்றுமதி நாட்டின் உயிர்நாடி என்கிறார்கள், சீனிக்குத் தட்டுப்பாடு வரக்கூடாது என்கிறார்கள். நாளைக்குக் கொழுந்து பறிப்பதையும் கரும்பு வெட்டுவதையும் வர்த்தமானியில் ஒரு வரியில் சேர்த்துவிட்டால் நமது வேலைநிறுத்தம் எந்தப் பெயரில் அழைக்கப்படும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

2025ஆம் ஆண்டுப் பாதீட்டில் பாதுகாப்பு அமைச்சுக்கு ஒதுக்கியது 400 பில்லியன் ரூபாவுக்கு மேல். யுத்தம் முடிந்தது 2009இல். படையின் தொகையை 2030ஆம் ஆண்டளவில் ஒரு இலட்சமாகக் குறைப்போம் என்று 2023இல் அறிவித்தார்கள், அது நல்ல காரியம். விடுபடும் சிங்களக் கிராமத்துப் பிள்ளைக்கு வேலை கொடுத்துக் குறைத்தால் இன்னும் நல்லது. வேலையும் ஓய்வூதியமும் இல்லாமல் துவக்கு பிடிக்க மட்டும் தெரிந்தவனாக வெளியே வருகிறவனைத்தான் பாதாள உலகம் கூலிக்குப் பிடிக்கிறது. புதுக்கடைச் சம்பவத்தின் வேர் அங்கேயும் இருக்கிறது.

கிளைகளுக்கு நடைமுறையான சில விஷயங்கள். புதிய சட்ட வரைவு எது வந்தாலும் அதன் தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். "வேலைநிறுத்தம்", "அத்தியாவசிய சேவை" என்ற சொற்கள் எங்கே வருகின்றன என்று பார்த்து, ஆட்சேபணையை எழுத்தில் அனுப்புங்கள். ரத்தல் குளப் படுகொலை விசாரணையை மீளத் திறக்கக் கோரும் மனுவில் இறக்காமக் கிளை கையெழுத்துச் சேர்த்து வருகிறது. மலையகக் கிளைகளின் கையெழுத்தும் வேண்டும், பத்துப் பேரும் தொழிலாளர்கள் என்பது ஒன்றே அதற்குப் போதிய காரணம். அங்கத்தவர் எவராவது பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானால், கைது செய்தவரின் பெயர், தரம், கொண்டுபோகும் இடம் மூன்றையும் அந்த இடத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்படியான கைதை 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டியது கைது செய்தவர்களின் கடமை. 1996ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அவர்கள் அறிவிப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். எங்கள் பக்கத்தவர்கள் கல்முனையில் உள்ள ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்கு அன்றைக்கே போய்ச் சொல்ல வேண்டும். இரவானாலும் கிளைச் செயலாளரை எழுப்புங்கள்.